கேசரோல், கொத்துக்கறி, கொஞ்சம் மாவடு

எங்க வீட்டுல 'கேசரோல்'னா அது ஒரு டப்பா. வெளிய பிளாஸ்டிக், உள்ள சில்வர், மூடியில ஒரு ரோஜாப்பூ. சப்பாத்தி சூடா இருக்க வைக்கற சமாச்சாரம். என் கல்யாணத்துக்கு மட்டும் எட்டு வந்துச்சு. அதுல அஞ்சை அம்மா அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காம அடுத்தடுத்த கல்யாணங்களுக்கு அனுப்பி வெச்சாச்சு. (உங்க வீட்டுப் பரண்ல இருக்கறது எங்க வீட்டுலேர்ந்து வந்ததாக்கூட இருக்கலாம். எதுக்கும் பார்த்துக்கங்க.)

அதனால, அமெரிக்காவுல இருக்கற எங்க டீம் ஆள் ஒருத்தர் காலையில (அவருக்குக் காலை, நமக்கு ராத்திரி எட்டு மணி) மீட்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி "இன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல கேசரோல்" அப்படின்னு சந்தோஷமா சொன்னப்ப, நான் "எத்தனை லிட்டர்?"னு கேட்டுட்டேன். ரெண்டு பக்கமும் கொஞ்ச நேரம் மௌனம்.

அப்புறம் அவர் விளக்கினார். கொத்தின மாட்டுக்கறியை வெங்காயம் போட்டு வதக்கு. வேகவெச்ச மக்ரோனியைச் சேரு. டப்பாவுல வர்ற சூப் ஒண்ணை உடைச்சு ஊத்து. மேல சீஸைத் தூவு. மொத்தத்தையும் ஒரே பாத்திரத்துல அவன்ல வெச்சுட்டுப் போய்ப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடு. முக்கால் மணி நேரத்துல சாப்பாடு. கழுவ ஒரு சட்டி, ஒரு வாணலி. "செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு ஒரு மனுஷனுக்கு வேற என்னய்யா வேணும்?"னு கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாள் மண்டையில சுத்திக்கிட்டே இருந்துச்சு. இந்தப் பதிவு அதுக்கான பதில்தான். நீளமா இருக்கும், மன்னிச்சுக்கங்க. என் கருத்து என்னன்னு முதல்லயே சொல்லிடறேன், பாதியில ஓடறவங்க ஓடிடலாம்:

வேலை நாள் ராத்திரியில ஒரு அடுப்பு, ஒரு பாத்திரம், ஒரு சாப்பாடு. அதுக்கு மேல எதிர்பார்க்கறது தப்பு. அப்படி எதிர்பார்த்துட்டு டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கறது அதைவிடப் பெரிய தப்பு.

இந்த ஞானம் எனக்குப் போதி மரத்தடியில வரலை. எங்க வீட்டுக் கிணத்தடியில வந்துச்சு. போன வருஷம் மழைக்காலத்துல அம்மா அங்க பாசி வழுக்கி விழுந்தாங்க. வலது மணிக்கட்டுல எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

எங்க வீட்டைப் பத்திச் சொல்லணும். ஜீயபுரம். திருச்சியிலேர்ந்து கரூர் போற ரோட்டுல வந்தா, ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் வாழை, நடுவுல நாங்க. முக்கொம்பு பக்கம். வீட்டுல நாலு பேர். அப்பா ரிட்டயர் ஆயாச்சு. தங்கமணி ஸ்கூல்ல வேலை பார்க்கறாங்க. நான் பொட்டி தட்டறவன், தினமும் திருச்சிக்கு ஓடி ஆறரைக்குத் திரும்பி, எட்டு மணிக்கு மறுபடி ஹெட்போன் மாட்டறவன். அம்மா, வீட்டுல 'சும்மா' இருக்கறவங்க. அந்த 'சும்மா'வுக்கு என்ன அர்த்தம்னு கட்டுப் போட்ட மறுநாள் சாயங்காலம்தான் தெரிஞ்சுச்சு.

காலைச் சமையல் தங்கமணி பார்க்கறது, ராத்திரிச் சமையல் நான் பார்க்கறதுன்னு ஒப்பந்தம். முதல் நாள் நான் முழு வீராப்போட இறங்கினேன். அம்மா எப்பவும் செய்யற மாதிரியே செய்யணும்னு வைராக்கியம். சாதம், பருப்புக் குழம்பு, மிளகு ரசம், வாழைத்தண்டுப் பொரியல். வாழைத்தண்டு நறுக்கி நார் எடுத்திருக்கீங்களா? எடுத்துப் பாருங்க. நார் விரல்ல சுத்திக்கிட்டே வரும், வாழ்க்கையில நாம எழுதின எல்லா கோடும் ஞாபகத்துக்கு வரும். பாதியில எட்டு மணி மீட்டிங். ரசம் பொங்கி அடுப்பை அணைச்சுடுச்சு. கடைசியில சாப்பாடு ரெடியானப்ப மணி பத்தேகால். சிங்க்ல கிடந்த பாத்திரத்தை எண்ணினேன். கரண்டி, மூடி நீங்கலா பதினொண்ணு.

அப்பா ஒரு வாய் ரசம் குடிச்சுட்டு, "உங்கம்மா கொஞ்சம் மிளகு தூக்கலாப் போடுவா தம்பி"ன்னார்.

அவர் மேல தப்பில்லை. முப்பது வருஷமா அவருக்குச் சாப்பாடு தட்டுல வந்திருக்கு. அது எங்கேர்ந்து புறப்பட்டு வருதுன்னு பார்க்கவேண்டிய அவசியம் வந்ததில்லை. எனக்கும் இருபத்தெட்டு வருஷமா அப்படித்தான் வந்துச்சு.

ரெண்டாம் நாளும் கிட்டத்தட்ட அதே கதை. மூணாம் நாள் புதன்கிழமை. ஆபீஸ்லேர்ந்து வர்ற வழியில, பாய் கடையில அரைக்கிலோ கொத்துக்கறி வாங்கினேன். கேசரோல்காரர் மாட்டுக்கறி போடுவார். எங்க வீட்டுல அது பழக்கமில்லை, ஆட்டுக்கறிதான். இதுல உசத்தி தாழ்த்தி எதுவும் கிடையாது, அவங்கவங்க வீட்டுல எது புழங்குதோ அதைப் போட்டுக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இருக்கற நண்பர்கள் ஒரிஜினலுக்கே போகலாம். சைவக்காரங்களுக்குக் கடைசியில ஒரு வழி சொல்றேன்.

எங்க வீட்டுல அவன் கிடையாது. குக்கர் இருக்கு. தமிழனோட அவன் அதுதானே! குக்கர்ல பிரஷர் ஏறினா உள்ள தண்ணி நூறு டிகிரியில நிக்காது, நூத்தி இருபது கிட்டப் போகும். அதான் அந்த வேகம். டெனிஸ் பாப்பின்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1679-லேயே லண்டன்ல இதைச் செஞ்சு காட்டிட்டார். நம்ம அடுப்படிக்கு வர அது முன்னூறு வருஷம் எடுத்துக்கிச்சு. வந்ததுக்கப்புறமும் நாம அதை அரிசி, பருப்பு வேகவைக்கற வேலைக்காரனா மட்டும் வெச்சுக்கிட்டு, மத்ததுக்கெல்லாம் தனித்தனி சட்டி வெச்சுக்கிட்டிருக்கோம்.

சரி, செய்முறை. நாலு பேருக்கு.

அரிசி ஒன்றரை டம்ளர், பொன்னி பச்சரிசி. சீரகச் சம்பா இருந்தா யோகம். கழுவி இருபது நிமிஷம் ஊறப் போட்டுடுங்க. குக்கர்ல மூணு ஸ்பூன் நல்லெண்ணெய். அதுல சோம்பு, ஒரு துண்டு பட்டை, ரெண்டு கிராம்பு. ஒரு கை சின்ன வெங்காயம், உரிக்க நேரமில்லைன்னா ரெண்டு பெரிய வெங்காயம். இஞ்சி பூண்டு நசுக்கினது. பச்சை வாசனை போனதும் கொத்துக்கறி.

இங்கதான் அவசரப்படக் கூடாது. கறி போட்டதும் தண்ணி விடும், சாம்பல் கலர்ல அசிங்கமா நிக்கும். அப்பவே தக்காளியைப் போட்டு மூடினா கடைசி வரைக்கும் அந்த அவிச்ச வாசனை போகாது. தீயைக் கூட்டி வெச்சு, அந்தத் தண்ணி முழுசா வத்தி, கறி எண்ணெயில பொரியற சத்தம் வர்ற வரைக்கும் கிண்டணும். பத்து நிமிஷம் ஆகும். மொத்தச் சமையல்லயும் நீங்க நிஜமாவே நின்னு வேலை செய்யறது இந்தப் பத்து நிமிஷம்தான். ருசி முழுக்க இங்கதான் இருக்கு.

அப்புறம் ரெண்டு தக்காளி, மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள், ரெண்டு ஸ்பூன் மல்லித்தூள், உப்பு. வீட்டுல என்ன காய் இருக்கோ அது, கேரட், பீன்ஸ், பட்டாணி, ரெண்டு கை அளவுக்கு. அரிசியைத் தண்ணி வடிச்சுப் போட்டு மூணு டம்ளர் தண்ணி. ஒரு கை புதினா, கொத்தமல்லி. மூடி, மிதமான தீயில ரெண்டு விசில். அணைச்சுட்டு, பிரஷர் தானா இறங்கட்டும். திறந்து அடியிலேர்ந்து ஒரு தடவை மெதுவா கிளறி விடுங்க.

மேல சீஸுக்குப் பதிலா? அமெரிக்கக் கேசரோல்ல மேல மொறுமொறுன்னு ஏதாவது தூவுவாங்க. நான் நாலு அப்பளத்தைப் பொரிச்சு நொறுக்கித் தூவினேன். தொட்டுக்கத் தயிர்ல வெங்காயம். அவ்வளவுதான்.

கொத்துக்கறியில ஒரு எச்சரிக்கை மட்டும் இருக்கு. முழுக்கறியில கிருமி பெரும்பாலும் வெளிப்பக்கத்துல இருக்கும். கொத்தினா வெளிப்பக்கமெல்லாம் உள்பக்கமாயிடுது. அதனால அது சீக்கிரம் கெடும், அரைவேக்காடும் ஆகாது. உள்ளே எழுபத்தோரு டிகிரி வரணும்னு அமெரிக்க விவசாயத் துறை சொல்லுது. குக்கர்காரங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனா வாங்கின அன்னிக்கே செஞ்சுடுங்க, கண்ணு முன்னாடி கொத்தித் தரச் சொல்லுங்க, கொத்தறதுக்கு முன்னாடியே கறியைக் கழுவித் தரச் சொல்லுங்க. கொத்தினதுக்கப்புறம் கழுவினா ருசி சாக்கடைக்குத்தான் போகும்.

அன்னிக்கு ஏழு மணிக்கு வெங்காயம் நறுக்க ஆரம்பிச்சேன். ஏழே முக்காலுக்குக் குக்கர் மூடி திறந்தாச்சு. நாலு பேரும் ஒண்ணா உட்கார்ந்தோம். அம்மா இடது கையில ஸ்பூன் பிடிச்சு, கொட்டாம சிந்தாம சாப்பிட்டாங்க. இது பிசைய வேண்டாம், எலும்பு எடுக்க வேண்டாம், ஒத்தைக் கையால சாப்பிடக்கூடிய சாப்பாடுங்கறது அப்பதான் எனக்கு உறைச்சது. ரசமும் குழம்பும் ரெண்டு நாளா அவங்களுக்கு எவ்வளவு சிரமமா இருந்திருக்கும்! ஒரு வார்த்தை சொல்லலை.

சாப்பிட்டு முடிச்சுட்டு கடிகாரத்தைப் பார்த்தாங்க. "எட்டுதான் ஆகுதா? இப்ப என்ன பண்றது?"ன்னாங்க.

நான் ஹெட்போன் மாட்டப் போய்ட்டேன். ஆனா அந்தக் கேள்வி அமெரிக்கக்காரர் கேட்ட கேள்விக்குப் பக்கத்துல போய் உட்கார்ந்துக்கிச்சு. அறுபது வயசாகப் போற ஒரு மனுஷிக்கு, சாயங்காலம் எட்டு மணிங்கற நேரம் தனக்குன்னு கிடைச்சா என்ன செய்யறதுன்னு தெரியலை. ஏன்னா இத்தனை வருஷத்துல அப்படி ஒரு எட்டு மணி அவங்களுக்கு வந்ததே இல்லை.

இது எங்க வீட்டு விஷயம் மட்டும் இல்லைங்க. மத்திய அரசோட புள்ளியியல் அலுவலகம் 2019-ல நாடு முழுக்க யார் எவ்வளவு நேரம் எதுல செலவழிக்கறாங்கன்னு ஒரு கணக்கெடுப்பு நடத்துச்சு. சம்பளமில்லாத வீட்டு வேலையில பெண்கள் 100 பேர்ல 81 பேர் ஈடுபடறாங்க. ஆண்கள்ல 26 பேர். அப்படி ஈடுபடற பெண் ஒரு நாளைக்குச் செலவழிக்கறது 299 நிமிஷம். ஈடுபடற ஆண் 97 நிமிஷம். கவனிங்க, இந்த 97, வேலை செய்யற அந்த 26 பேரோட கணக்கு. மீதி 74 பேர் கணக்குலயே வரலை. நான் போன வருஷம் வரைக்கும் அந்த 74-ல் ஒருத்தன்.

"அதான் மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் வந்தாச்சே"ம்பாங்க. வந்தாச்சு. 2011-ல நம்ம அரசாங்கமே வீடு வீடா விலையில்லாம கொடுத்துச்சு. அம்மாகிட்ட இதைக் கேட்டேன். அவங்க சொன்ன பதிலை அப்படியே போடறேன்: "அம்மியில அரைச்சப்ப ஒரு சட்னிதான்டா. மிக்ஸி வந்ததும் உங்கப்பா ரெண்டு கேட்டார்." மெஷின் மிச்சம் பிடிச்ச நேரமெல்லாம் நம்ம நாக்குக்குத்தான் வந்துச்சு, அவங்களுக்குப் போகலை. அதனால மெஷின் வாங்கினா மட்டும் இது தீராது. தட்டுல எதிர்பார்க்கறதைக் குறைச்சாத்தான் தீரும்.

அமெரிக்காவுல கேசரோல் பிரபலமான கதையும் கிட்டத்தட்ட இதான். இதே மாதிரி ஒரே பாத்திரத்துல கறி, காய், மாவுப்பண்டம் எல்லாத்தையும் போட்டு வேகவைக்கறதை மினசோட்டா பக்கம் 'ஹாட்டிஷ்'ங்கறாங்க. நிறைய பேருக்கு, கம்மிச் செலவுல, ஒரே தடவையில செஞ்சு வைக்கணும்னு சர்ச் விருந்துகள்ல பெண்கள் வளர்த்தெடுத்த சமையல். 1955-ல கேம்ப்பெல் சூப் கம்பெனியில வேலை பார்த்த டார்கஸ் ரைலிங்கற அம்மா, எல்லார் வீட்டு அலமாரியிலயும் இருக்கற சாமானை வெச்சே ஒரு பீன்ஸ் கேசரோலை உருவாக்கினாங்க. இன்னிக்கும் நன்றி நவிலும் நாள் விருந்துல அது இருக்கு. 1971-ல, கறி விலை ஏறிக் கிடந்த நேரத்துல, ஒரு பவுண்டு கொத்துக்கறியைக் குடும்பத்துக்கே வரச்செய்ய 'ஹாம்பர்கர் ஹெல்ப்பர்'னு ஒரு பாக்கெட் அந்த நாடு முழுக்கக் கடைக்கு வந்துச்சு. டப்பா சூப்பும் பாக்கெட் மசாலாவும் உடம்புக்கு நல்லதான்னா, உப்பு ஜாஸ்திதான், அதை நான் சிபாரிசு பண்ணலை. ஆனா 'வார நாள் ராத்திரிக்கு இது போதும்'னு ஒரு சமூகமே கூச்சமில்லாம ஒத்துக்கிட்டது பாருங்க, அதைக் கடன் வாங்கலாம்.

கடன்கூட வாங்க வேண்டாம். நம்மகிட்டயே இருக்கு. திருநெல்வேலிக்காரங்க கூட்டாஞ்சோறு. கோயமுத்தூர்ப் பக்கம் அரிசியும் பருப்புஞ்சாதம். கோயில்கள்ல கதம்ப சாதம். ஆடிப்பெருக்கு அன்னிக்கு முக்கொம்புலேர்ந்து அம்மா மண்டபம் வரைக்கும் காவிரிக்கரையில போய்ப் பாருங்க. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம். குழம்பு தனி, ரசம் தனின்னு யாரும் தூக்குல கொண்டுவந்து பரிமாறறதில்லை. வருஷத்துல ரொம்ப சந்தோஷமான சாப்பாடு எதுன்னு கேட்டா, எங்க ஊர் ஆள் பாதிப் பேர் ஆத்தங்கரைக் கட்டுச்சோறைத்தான் சொல்வாங்க. பண்டிகைக்கு ஒத்துக்கற சாப்பாடு, செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் எப்படி 'சோம்பேறிச் சமையல்' ஆச்சு?

இப்ப எதிர்க்கட்சி. அப்பா கேட்டது, நண்பர்கள் கேட்டது, நானே எனக்குள்ள கேட்டுக்கிட்டது எல்லாம் சேர்த்து மூணு.

ஒண்ணு, "ஒரே சாதம்னா சத்து எங்கேர்ந்து வரும்?" குக்கருக்குள்ள அரிசி, கறி, மூணு காய், பக்கத்துல தயிர். நாலு பாத்திரத்துல பிரிச்சு வெச்சா வர்ற சத்து, ஒரு பாத்திரத்துல சேர்த்து வெச்சா எங்க ஓடிப் போயிடும்? காய் போடறோமாங்கறதுதான் விஷயம், எத்தனை சட்டியில போடறோம்ங்கறது இல்லை.

ரெண்டு, "இப்படியே போனா நம்ம சமையலே மறந்துடும்." இது நியாயமான பயம். எனக்கும் வாழைத்தண்டுப் பொரியல் வேணும், வத்தக்குழம்பு வேணும். ஆனா அதை ஞாயித்துக்கிழமை ஆற அமர, எல்லாருமா உட்கார்ந்து நார் எடுத்துச் செய்யலாமே. ஒரு சமையலைக் காப்பாத்தறதுக்கு ஒரே ஒரு பொம்பளையைத் தினமும் பத்து மணி வரைக்கும் அடுப்படியில நிக்க வெச்சுத்தான் ஆகணும்னா, காப்பாத்தறோம்னு சொல்றவங்க நாலு பேரும் முதல்ல கரண்டியைப் பிடிக்கட்டும்.

மூணாவதுதான் கஷ்டமான கேள்வி. தங்கமணி கேட்டது. "நீங்க கொத்துக்கறி சோறு பண்ணினா 'அடடா, பையன் என்ன அழகா சமைக்கறான்'ங்கறாங்க. அதையே நான் பண்ணினா 'இன்னிக்கு இவ்வளவுதானா?'ம்பாங்க. கவனிச்சீங்களா?"

கவனிக்கலை. சொன்னதும் கவனிச்சேன். கட்டுப் போட்ட நாலாவது வாரம் எனக்கு ஆபீஸ்ல ஒரு ரிலீஸ், தங்கமணி ராத்திரிக்கும் சமைச்சாங்க. அதே குக்கர், அதே அளவு, என்னைவிட நல்லா இருந்துச்சு. அப்பா தட்டைப் பார்த்துட்டு, ஒண்ணும் கெட்ட எண்ணமில்லாமதான், "ரசம் ஏதும் வெக்கலையாம்மா?"ன்னார். என்கிட்ட அவர் மூணு வாரமா ஒரு தடவைகூட ரசம் கேட்கலை.

ஆக, ஒத்தைப் பாத்திரச் சமையலோட நிஜப் பிரச்சினை செய்முறையில இல்லை. ஆம்பளை செஞ்சா திறமை, பொம்பளை செஞ்சா குறைச்சல்னு இருக்கற வரைக்கும் எந்தச் சமையல் குறிப்பும் பெருசா உதவாது. அதனால இதை முதல்ல பழக்கமாக்க வேண்டியது நம்மள மாதிரி ரங்கமணிகள்தான். நாம செஞ்சு, நாம பரிமாறி, 'ராத்திரிச் சாப்பாடுன்னா இதுதான்'னு வீடே பழகிட்டா, அப்புறம் யார் செஞ்சாலும் யாரும் ரசம் கேட்க மாட்டாங்க. சாதாரணமாயிடும். அது சாதாரணமாகறதுதான் எனக்கு வேணும்.

ரங்கமணின்னதும் எங்க ஊர் ரங்கன் ஞாபகம் வருது. தெரிஞ்சவங்க பொறுத்துக்கங்க.

ஜீயபுரத்துல ஒரு பாட்டி. அவளுக்கு ஒரே பேரன், பேரு ரங்கன். முகம் வழிச்சுக்கிட்டு காவிரியில குளிச்சுட்டு வரேன்னு போனவன் திரும்பலை. ஆத்துத் தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு. பாட்டி ஸ்ரீரங்கத்துப் பெருமாளைக் கூப்பிட்டு அழறா. கொஞ்ச நேரத்துல பேரன் வந்து நிக்கறான். பசிக்குதுங்கறான். பாட்டி என்ன இருக்கோ அதைப் போடறா. பழைய சோறு, கீரை, மாவடு. அவன் ரசிச்சு சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்பவே, எங்கயோ கரையேறின நிஜப் பேரன் வாசல்ல வந்து நிக்கறான். உள்ள உட்கார்ந்து சாப்பிட்டது ரங்கநாதரேதான். எங்க அப்பாயி சொல்ற விதத்துல இதான் கதை. இன்னிக்கும் பங்குனி உற்சவத்துல நம்பெருமாள் ஜீயபுரத்துக்கு எழுந்தருள்றார். எங்க ஊருக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது.

சின்ன வயசுலேர்ந்து கேட்ட கதை. ஸ்ரீரங்கத்து மடப்பள்ளியில என்னென்னமோ இருக்க, பெருமாள் தேடி வந்து சாப்பிட்டது பாட்டி வெச்சிருந்த பழைய சோறைத்தான்னு நினைச்சா ஜீயபுரத்துக்காரனுக்கு இன்னும் ரெண்டு இன்ச் மார்பு விரியும். பாட்டி "இருப்பா, ஒரு ரசம் வெச்சுடறேன்"னு சொல்லலை. அவரும் கேட்கலை. என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லைன்னு இந்தப் பதிவை இங்கயே முடிக்கறதாத்தான் இருந்தேன்.

ஆனா அம்மா கட்டு பிரிச்ச அன்னிக்கு ஒண்ணு நடந்துச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, நேரா அடுப்படிக்குப் போனாங்க. சாயங்காலம் நான் வந்தப்ப பருப்பு வேகுது, புளி ஊறுது, தண்டு நறுக்கி மோர்த்தண்ணியில கிடக்கு. "ஆறு வாரமா எல்லாரும் கஷ்டப்பட்டீங்க"ன்னாங்க. அன்னிக்கு நாங்க மூணு பேரும் எட்டரைக்குச் சாப்பிட்டோம். அம்மா பரிமாறினாங்க. அவங்க தட்டை எடுத்து உட்கார்ந்தப்ப மணி ஒன்பதரை, அப்பா தூங்கப் போயாச்சு, தனியா உட்கார்ந்து, மிச்சம் இருந்ததைப் போட்டுக்கிட்டாங்க.

அப்பதான் பாட்டி கதையில எனக்கு இத்தனை வருஷமா தோணாத ஒண்ணு தோணுச்சு. பாட்டி பேரனுக்குப் போட்டா. பெருமாளே வந்து சாப்பிட்டார். பாட்டி சாப்பிட்டாளா? காலையிலேர்ந்து ஆத்தங்கரைக்கும் வீட்டுக்கும் அழுதுக்கிட்டு அலைஞ்சவ. அந்தப் பானையில அவளுக்கு மிச்சம் இருந்துச்சா? கதை சொன்ன யாரும் சொல்லலை, கேட்ட நாங்களும் கேட்கலை.

மறுநாள் நான் அம்மாகிட்ட பேசிட்டேன். சண்டைன்னே வெச்சுக்கங்க. அடுப்படி அவங்க ராஜ்யம், பறிக்கறதா நினைச்சு அவங்களுக்குக் கோபம்கூட வந்துச்சு. "எனக்குன்னு இருக்கறது இதுதானேடா"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை. கடைசியில ஒரு சமரசத்துக்கு வந்திருக்கோம். திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் ராத்திரி குக்கர் என்னோடது. வெள்ளி, சனி, ஞாயிறு அவங்க இஷ்டம், நாங்க எடுபிடி. ஏழே முக்காலுக்கு மூடி திறக்கும். முதல் தட்டு அம்மாவுக்கு. அவங்க உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் மத்தவங்களுக்கு.

எட்டு மணிக்கு அம்மா என்ன பண்றாங்கன்னா, முதல்ல கொஞ்ச நாள் சும்மா திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. இப்ப பக்கத்து வீட்டு அத்தையும் வந்து சேர்ந்துக்கறாங்க. ரெண்டு பேரும் என்ன பேசறாங்கன்னு தெரியலை, ஹெட்போனைத் தாண்டி சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அமெரிக்கக்காரர் ஒரு தடவை "உங்க பக்கம் ஏதோ சத்தம் வருது"ன்னார்.

"கேசரோல்"னேன்.

டிஸ்கி 1: சைவ நண்பர்களுக்கு. கறிக்குப் பதிலா மீல்மேக்கரை வெந்நீர்ல ஊறவெச்சு, நல்லா பிழிஞ்சு, கையால பிச்சுப் போடுங்க. இல்லேன்னா முதல் நாளே ஊறப்போட்ட கறுப்புக் கொண்டைக்கடலையைத் தனியா நாலு விசில் விட்டுட்டுச் சேருங்க. புரட்டாசியில எங்க வீட்டுலயும் அதான்.

டிஸ்கி 2: அப்பா போன வாரம் வெங்காயம் உரிச்சுக் கொடுத்தார். தானாவே வந்து. நானும் ஒண்ணும் கேட்கலை, அவரும் ஒண்ணும் சொல்லலை. கண்ணுல தண்ணி வந்துச்சு. ரெண்டு பேருக்கும். வெங்காயம்தான், வேற ஒண்ணும் இல்லை :-)